வெர்சாய் அரண்மனையின் மரத்தளம்

மரத்தளத்தின் வரலாற்றை அரச ரசனையின் வரலாறாக எழுதிவிடுவது எளிது. வெர்சாய் அரண்மனை வேறொன்றைச் சொல்கிறது. பதினான்காம் லூயியின் அவ்வரண்மனையில் மாடிக் கூடங்கள் சிலவற்றில் முதலில் பாவப்பட்டது பளிங்கு. பளிங்கை ஓயாமல் கழுவ வேண்டும். கழுவிய நீரோ இடுக்குகளின் வழியே இறங்கி, கல்லைத் தாங்கிநின்ற மர உத்திரங்களை இற்றுப்போகச் செய்தது. எனவே 1684இல் பளிங்குக்கு மாற்றாக ஓக் மரத்தளம் புகுந்தது. பின்னாளில் ஐரோப்பியச் செல்வர் இல்லங்கள் ஆடம்பரச் சின்னமாகப் படியெடுத்த அத்தளம், உண்மையில் ஒரு பழுதுபார்ப்பு வேலை.

வேலை நுட்பமானது. ஈரம் ஏறினால் மரம் இழைக்குக் குறுக்கே பருக்கும்; நீளவாட்டில் ஏறத்தாழ மாறாது. அகன்ற பலகை கோணுவதும் வெடிப்பதும் இதனால்தான். வெர்சாய்த் தச்சர்கள் சிறு துண்டுகளைச் சதுரச் சட்டத்துக்குள் மூலைவாட்டில் பின்னி, துளையும் கழுந்துமாகப் பூட்டினர். ஒரே பலகையில் தெறிக்க வேண்டிய விரிவு, பல மூட்டுகளில் சிறிது சிறிதாகப் பகிர்ந்து அடங்கியது. கண்ணுக்கு அது அலங்காரமாகத் தெரிவது வேறு செய்தி.

இத்தளத்தின் பெயரான ‘பார்க்கே’ என்னும் பிரெஞ்சுச் சொல், ‘பார்க்’ என்பதன் சிறுமை வடிவம்; பொருள், அடைப்புள்ள சிறிய இடம். நீதிமன்றத்தின் தடுப்பிடத்தைக் குறித்த அச்சொல் தரைக்கும் ஆகிவந்தது. தமிழிலக்கணத்தார் இதனை ஆகுபெயர் என்பர். பழம்பொருளும் அழியவில்லை: பிரான்சில் அரசுத் தரப்பு வழக்குரைஞர் அமைப்பின் பெயர் இன்றும் ‘பார்க்கே’தான்.