தோட்டா உறைகளின் சாட்சியம்: லிட்டில் பிக்ஹார்ன் போர்க்கள ஆய்வு

1876 ஜூன் 25 அன்று, இன்றைய மொண்டானா மாநிலத்தில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றை ஒட்டி நடந்த போரில் ஜார்ஜ் ஆம்ஸ்ட்ராங் கஸ்டரும் அவருடைய நேரடித் தலைமையில் இருந்த சுமார் 210 பேரும் மடிந்தனர். அவர்கள் குன்றின்மேல் இறுதிவரை உறுதியுடன் நின்று போரிட்டனர் என்னும் கருத்து ஓவியங்களாலும் நூல்களாலும் நிலைபெற்றது. படையினர் அணி குலைந்து ஓடினர் என்று, வென்ற லக்கோட்டா, செயென் மக்களுள் சிலர் கூறியிருந்தனர். அக்கூற்றுகளை முரண்பட்டவை என வரலாற்றாசிரியர் பலர் ஒதுக்கினர்.

1983இல் பரவிய தீ போர்க்களத்தின் புல்வெளியை எரித்துத் தரையை வெளிப்படுத்தியது. அடுத்த ஆண்டு டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் ஆகியோர் தன்னார்வலர்களின் துணையுடன் உலோகம் கண்டறியும் கருவிகளால் அந்நிலத்தை ஆராயத் தொடங்கினர். புதையல் தேடுவோரின் கருவி என்று தொல்லியலாளர் பலர் அதுவரை ஐயுற்ற கருவி அது. கருவி ஒலித்த இடந்தோறும் சிறு கொடி நடப்பட்டது. பொருளின் இடம் அளந்து பதியப்பட்ட பின்னரே அது எடுக்கப்பட்டது.

கிடைத்தவற்றுள் தோட்டா உறைகளே மிகுந்த பயன் தந்தன. படையினரின் 1873ஆம் ஆண்டு வகை ஸ்பிரிங்ஃபீல்ட் கார்பைனுக்குரிய செப்பு உறையில் வெடிதூண்டி உள்ளே பொருத்தப்பட்டிருக்கும். ஆகவே அடித்தட்டு வெறுமையாகத் தோன்றும். பழக்கமற்றவர் இதனை விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் வகையாகக் கருதிவிடக்கூடும். அடிப்பகுதிக்குச் சற்று மேலே காணப்படும் அழுத்தத் தடங்களே வேறுபாட்டை உணர்த்துவன. ஹென்றி துப்பாக்கியின் உறையிலோ விளிம்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரு குத்துத்தடங்கள் இருக்கும். அது குதிரைப்படைக்கு வழங்கப்பட்ட ஆயுதமன்று. எனவே அவ்வுறைகள் பெரும்பாலும் பழங்குடி வீரர்களுடையவை எனலாம். ஆனால் கைப்பற்றிய ஸ்பிரிங்ஃபீல்டுகளையும் அவர்கள் பயன்படுத்தினர். வகையை அறிவதனால் மட்டும் சுட்டவர் யாரென்பது உறுதியாகாது.

இச்சிக்கலுக்குக் குற்றவியல் தடய ஆய்வுமுறை ஓரளவு விடை தந்தது. துப்பாக்கியின் குத்தூசி பதிக்கும் தடம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறுபடும். நுண்ணோக்கியின்கீழ்த் தடங்களை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கியின் உறைகள் எவ்வெவ்விடங்களில் விழுந்தன என்று கண்டனர். கால்ஹூன் குன்றில் படையினர் வரிசையாக நின்று சுட்ட தடயம் உண்டு. அதன் அருகே சுட்ட பழங்குடியினர் துப்பாக்கிகள் சிலவற்றின் உறைகள் கஸ்டர் குன்றின் பக்கமும் கிடைத்தன. கஸ்டர் குன்றிலோ படையினரின் உறைகள் குறைவு. நெடிய இறுதிப் போராட்டம் நிகழவில்லை, அணியொழுங்கு விரைவில் சிதைந்தது என்று ஃபாக்ஸ் 1993இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். ஒதுக்கப்பட்ட வாய்மொழிக் கூற்றுகள் இம்முடிவோடு பெரிதும் இயைகின்றன. எனினும், நூறாண்டுக்கும் மேலாகப் பார்வையாளர்கள் நினைவுப்பொருள் பொறுக்கிய குன்று அது. அங்குள்ள குறைவைச் சான்றாகக் கொள்வதில் எச்சரிக்கை வேண்டும்.

சூடேறிய செப்பு உறைகள் துப்பாக்கியில் சிக்கிக்கொண்டதே தோல்விக்குக் காரணம் என்ற பழைய விளக்கமும் இவ்வாய்வில் வலுவிழந்தது. நெம்பியெடுத்த கீறலுடைய உறைகள் மிகச் சிலவே கிடைத்தன.