காற்று மாறும் காலம்

கீழ்த்திசைக் காற்றைக் கொண்டல் என்றும், மேல்திசைக் காற்றைக் கோடை என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும் பெயரிட்டு வழங்கியவர் நம் முன்னோர். அவை வெறும் சொல்லழகுக்காகப் பிறந்த பெயர்கள் அல்ல. பயிரிடவும் கலம் செலுத்தவும் வேண்டிய அறிவின் பெயர்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் கிழக்கே வந்து, வடகிழக்குப் பருவக்காற்றில் தாயகம் திரும்பினர் தமிழ் வணிகர். அவர்களுக்குக் கெடாவின் ஜெராய் மலை வழிகாட்டும் அடையாளமாக நின்றது. 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரம் வந்ததும் காற்றின் துணைகொண்டே.

காற்றின் ஒழுங்கை நம்பி வாழ்ந்த இப்பகுதியில் பினாங்குத் தீவுக்கு இரண்டு அரண்கள் உண்டு. வடகிழக்குப் பருவமழையின் கடுமையைத் தித்திவங்சா மலைத்தொடர் தணிக்கிறது. தென்மேற்குக் காற்றின் வேகத்தைச் சுமத்ரா தடுக்கிறது. நிலநடுக்கோட்டின் அருகே புவிச்சுழற்சியின் விளைவு குறைவாதலால், அங்குப் புயல் சுழன்றெழுவதும் அரிது. ஆகவே, புயல் என்பது பிறர் நாட்டுச் செய்தி என்றே நாம் எண்ணியிருந்தோம்.

அவ்வெண்ணம் தளரத் தொடங்கியது 2001 டிசம்பரில். நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 1.5 பாகை வடக்கே உருவான வாமெய் புயல் ஜொகூரைத் தாக்கியது. 2017 நவம்பர் 4ஆம் நாள் இரவு நம் முறை வந்தது. தாய்லாந்து வளைகுடாப் பக்கமிருந்து வந்த காற்றழுத்தத் தாழ்வினால், ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மரங்கள் சாய்ந்தன, மண் சரிந்தது, எழுவர் உயிரிழந்தனர். மீட்புப் பணிக்கு இராணுவம் வந்தது. 2025 நவம்பரில் மலாக்கா நீரிணையிலேயே உருவான சென்யார் புயல், சுமத்ராவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது.

இவை ஒவ்வொன்றுக்கும் புவி வெப்பமே முழுக்காரணம் என்று கூறிவிடல் அறிவுடைமையாகாது. எனினும், காற்று ஒரு பாகை செல்சியஸ் வெப்பம் மிகும்போது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கவல்லது. கடல் சூடேறச் சூடேற, வருகின்ற மழை பெருமழையாகும் வாய்ப்பு மிகுகிறது. கடலின் வெப்பநிலை மாறினால் காற்றோட்டமும் இடம் மாறும். ஓரிடம் வெள்ளத்தில் மிதக்க, மற்றோரிடம் வறட்சியில் வாடும்.

பாலிக் புலாவ் உழவர்க்கு இது ஏட்டுக் கல்வி அன்று. ஆண்டின் தொடக்கத்தில் வரும் வறண்ட நாள்களே டுரியான் மரத்தைப் பூக்கச் செய்கின்றன. காலந்தவறிய மழை பூவை உதிர்த்துவிடும். உழவரின் ஓராண்டு உழைப்பும் அதனோடு போகும்.

ஆசிரியப் பெருமக்களே! பள்ளி வளாகத்தில் மழைமானி ஒன்றை நிறுவுவோம். மழையின் அளவையும் டுரியான் பூக்கும் நாளையும் மாணவர் கையாலேயே ஆண்டுதோறும் எழுதிவைக்கச் செய்வோம். காற்றுக்குப் பெயரிட்டது முன்னோர் கடமை; அதன் மாற்றத்தைக் குறித்துவைப்பது நம் கடமை.