கொம்பூதும் இரட்டையர்

நிறுவனம் மறைந்த பின்னும் அதன் திரை முத்திரை வாழும் என்பதற்குச் சென்னை ஜெமினி ஸ்டூடியோவே சான்று. 1940களில் எஸ். எஸ். வாசன் நடத்திய அந்த ஸ்டூடியோவின் படங்கள், கொம்பூதும் இரட்டைச் சிறுவர்களோடு தொடங்கின. ஜெமினி என்றாலே மிதுன ராசியின் இரட்டையர்தான். பெயரே படமாக நின்றதால் எழுத்தறியாதவரும் அதைப் படித்தனர். 1948இல் வந்த 'சந்திரலேகா' இந்திக்குப் போனபோதும் அந்த முத்திரைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

நிலைத்தது படங்களின் புகழ்தானே, முத்திரைக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். கதையும் நடிகரும் படத்துக்குப் படம் மாறினர். மாறாமல் வந்தவர்கள் அந்தச் சிறுவர்களே. சிதறிய புகழை ஒரே பெயரில் முடிந்து வைத்தவர்களும் அவர்களே. ஸ்டூடியோ இன்று இல்லை. அது இருந்த இடத்தருகே 1973இல் திறக்கப்பட்டது அண்ணா மேம்பாலம். ஊர் வாயில் அது இன்றும் ஜெமினி பாலம்.