தலைக்குள் தேங்கும் ரத்தம்

திருமலை அடிவாரத்து அலிபிரியில் மலையேறத் தொடங்கும் பக்தரின் முன்னால் 3,550 படிகள். 1944-ல் முதல் மலைப்பாதை திறந்தபின் வண்டிகளும் திருமலைக்கு ஏறின. வளைவுகளில் தலை மோதும் ஆபத்தும் கூடவே வந்தது.

அன்று மண்டையில் அடிபட்டவரை எங்கே கொண்டுபோவது? மூளை அறுவைக்கென்று இந்தியாவில் தனித்துறையே கிடையாது. மாண்ட்ரீலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று வந்த ஜேக்கப் சாண்டி, 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் நாட்டின் முதல் துறையைத் தொடங்கினார். மறு ஆண்டே சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி இன்னொரு துறையைத் தொடங்கினார். அரசனின் மண்டைக்குள்ளிருந்த தேரையை வெளியேற்றிய தேரையர் கதை நம்மிடம் தலைமுறைகளாக உண்டு. அடிபட்ட ஏழைக்கு அந்தச் சிகிச்சை எட்டத் தொடங்கியது அப்போதுதான்.

நெற்றிப்பொட்டில் எலும்பு மெல்லியது. அதன் உட்புறம் ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. அடிபட்டு எலும்பு விரிசல்விட்டால் தமனி கிழிந்து, எலும்புக்கும் மூளையுறைக்கும் நடுவே ரத்தம் சேரும். மண்டையோடு விரிந்துகொடுக்காது, சேரும் ரத்தம் மூளையைத்தான் நெருக்கும். இவ்வகைக் கசிவு 30 மில்லிலிட்டரைத் தாண்டினாலே அறுவை தேவை என்கின்றன மருத்துவ நெறிமுறைகள். கொடுமை என்னவென்றால், சிலர் மயக்கம் தெளிந்து எழுந்து நன்றாகப் பேசுவார்கள், காபிகூடக் குடிப்பார்கள். வீட்டார் நிம்மதியடைவார்கள். சில மணி நேரத்தில் நினைவு தப்பிவிடும்.

சாண்டி காலத்து மருத்துவருக்கு உள்ளே பார்க்கக் கண் இல்லை. கழுத்துத் தமனியில் மருந்து செலுத்திப் படமெடுத்து, ரத்தக்குழாய் விலகியிருப்பதைக் கொண்டு ரத்தக்கட்டியின் இடத்தை ஊகித்தார்கள். அதற்கும் நேரமில்லையென்றால், கண்ணின் பாவை விரிந்த பக்கத்தில் துளையிட்டுத் தேடினார்கள். எத்தனை துணிச்சல் வேண்டியிருக்கும்!

1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சி.டி. ஸ்கேன் முதல் நோயாளியைப் படம்பிடித்தது. ஊகம் போய்ப் படம் வந்தது. அலிபிரி சாலையிலேயே திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனம் 1993-ல் இயங்கத் தொடங்கியது. அங்கே இன்று நரம்பியல் அறுவைத் துறையும் உண்டு. சுமார் 110 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வேலூரை நம்பியிருந்த நிலை மாறியது.

ஆகவே, தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தாலோ, தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, தூக்கத்தில் சாய்ந்தாலோ, கைகால் தளர்ந்தாலோ, 'தூங்கட்டும், சரியாகிவிடும்' என்று விட்டுவிடாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் முதியவருக்குச் சிறு அடியின் கசிவுகூட வாரக்கணக்கில் கழித்துத் தெரியவரலாம். ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லுங்கள்.