காய்ந்தும் அழகு குன்றாத தோரணம்

விழா என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே தமிழர் நெஞ்சில் முதற்கண் தோன்றுவன இரண்டு. ஒன்று, வாயிலில் அசையும் மாவிலைத் தோரணம். மற்றொன்று, பந்தற்காலில் குலையோடு நிற்கும் வாழை. பொன்னும் பட்டும் இல்லாத ஏழை வீட்டிலும் இவ்விரண்டும் உண்டு. காடும் தோட்டமும் தந்தவற்றைக் கொண்டே விழாவுக்கு எழில் கூட்டுதல் நம் முன்னோர் கண்ட நெறி. அந்நெறியின் வரலாற்றை, வந்து குடியேறிய இத்தெலுங்கு மண்ணில் இருந்துகொண்டு எண்ணிப் பார்த்தல் நமக்குப் பயன் தருவதாகும்.

புகார் நகரத்து வீதிகளில் தொடங்குவோம். மணிமேகலைக் காப்பியத்தின் விழாவறை காதையில், இந்திர விழா வருகின்றது என்று யானைமேல் முரசேற்றி நகருக்கு அறிவிக்கின்றான் வள்ளுவன். நகரை எவ்வாறு அணி செய்ய வேண்டும் என்றும் அவன் உரைக்கின்றான். காய்க்குலை தாங்கிய கமுகையும், வாழையையும், வஞ்சிக் கொடியையும், பூங்கொடியையும், கரும்பையும் நடுமாறு சொல்கின்றான். முத்துமாலைகளும் பாவை விளக்குகளும் அவன் சொல்லும் வரிசையில் இடம்பெறுகின்றன என்பது மெய்யே. எனினும், கடல் வாணிகத்தால் செல்வம் கொழித்த அம்மாநகரமும் குலை தள்ளிய மரத்தை விட்டுவிட்டு முத்தை மட்டும் தொங்கவிட எண்ணவில்லை. காயும் கனியும் வளத்தின் அடையாளங்கள். வளத்தை வாயிலில் நிறுத்தி வரவேற்பதே தோரணத்தின் உட்பொருள்.

இனி, ஆவிரையைக் காண்போம். வறண்ட நிலத்தில் எவரும் நீர் ஊற்றாமலே பொன்னிறமாய்ப் பூக்கும் செடி அது. நாம் இன்று ஆவாரம் என்கின்றோம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் மலர்களுள் ஆவிரையும் ஒன்று. காதல் கைகூடாத தலைவன் ஏறும் பனைமடற் குதிரைக்கு ஆவிரை மாலை சூட்டும் வழக்கத்தைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. இன்றும் கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முன்னாளில் ஆவாரம்பூவையும் சிறுபீளையையும் வேப்பிலையையும் சேர்த்துக் கட்டி வீட்டு இறவாணத்தில் காப்பாகச் செருகுவர். அக்காப்பு நாட்பட வெயிலில் காய்ந்து நிற்கும். காய்ந்தது என்று எவரும் அதனை உடனே எடுத்தெறிவதில்லை.

இவ்விடத்தில் ஒன்று குறிப்பிடத்தக்கது. நம் விழா அணிகளுள் வாடுவன சில. காய்ந்து நிலைப்பன சில. பூமாலை மாலைக்குள் வாடும். குன்றிமணியோ ஆண்டுக்கணக்கில் நிறம் மாறாது. ஆதலின் அன்றோ களிமண் பிள்ளையாருக்கு அது கண்ணாயிற்று! சுரைக்காய் முற்றிக் காய்ந்தால் குடுக்கையாகும். நீர் மொள்ளவும் விதை சேமிக்கவும் உதவிய அக்குடுக்கை, வீணையிலும் இடம்பெற்றது. முதல் அறுவடையின் நெற்கதிரைக் கொத்தாகப் பின்னித் தாழ்வாரத்தில் தொங்கவிட்டால் வீட்டுக்கு அணியுமாயிற்று, சிட்டுக்குருவிக்கு உணவுமாயிற்று. பழத்தை வெயிலிற் காயவைக்கும் கலையும் நம் பாட்டியர்க்குப் புதிதன்று. நார்த்தங்காயைத் திருகு சுருளாக அரிந்து, உப்பு அடைத்து, நாள்தோறும் முற்றத்தில் உலர்த்தி எடுத்த கைகள் அவை. உண்பதற்கு அவர்கள் கையாண்ட அந்நுட்பமே அணி செய்வதற்கும் போதுமானது.

நாம் வாழும் இந்நிலத்தார் இத்துறையில் நமக்குச் சிறிதும் இளைத்தவர் அல்லர். விநாயக சதுர்த்தியன்று தெலுங்கர் இல்லங்களில் பிள்ளையார் திருவுருவத்தின் தலைக்கு மேலே சதுரமான மரச் சட்டம் ஒன்றைத் தொங்கவிடுவர். அதற்குப் பாலவெல்லி என்று பெயர். மாவிலையும், மக்காச்சோளக் கதிரும், மாதுளையும், கொய்யாவும், விளங்காயும் அச்சட்டத்தில் கட்டித் தொங்கும். பாலவெல்லி என்பது வானத்துப் பால்வீதி. தொங்கும் கனிகள் விண்மீன்கள் என்று பெரியோர் கூறுவர். வீட்டுக் கூடத்தில் ஒரு சிறு வானத்தையே கனிகளால் படைத்துவிடும் இக்கற்பனை எத்துணை இனியது! போகியன்று மாலையில் இலந்தைப் பழத்தோடு பூவிதழும் காசும் கரும்புத் துண்டும் கலந்து குழந்தைகளின் தலையில் சொரிவதும் இவர்தம் வழக்கம். மார்கழிக் கோலத்தின் நடுவே சாணத்தில் பூசணிப்பூ வைக்கும் நம் வழக்கத்துக்கு இணையாக இவர்கள் கொப்பெம்மா வைக்கின்றனர்.

எல்லாவற்றினும் சிறந்தது பதுக்கம்மா. மாளய அமாவாசையன்று தொடங்கி ஒன்பது நாள் நிகழும் இவ்விழாவில், பெண்கள் தட்டின்மீது பூக்களை வட்ட வட்டமாய் அடுக்கிக் கோபுரம் எழுப்புகின்றனர். அதில் முதன்மை பெறும் மலர் தங்கேடு. அதாவது, நம் ஆவிரையே! பனைமடற் குதிரையை அணி செய்த அதே பொன்மலர் இங்கே பூக்கோபுரத்தின் அடுக்குகளில் ஒளிர்கின்றது. 2014 இல் தெலங்கானா தனி மாநிலமானபின், பதுக்கம்மா மாநில விழா ஆயிற்று. தங்கேடு மாநில மலர் ஆயிற்று. பதுக்கம்மாவைப் பற்றி வழங்கும் கதைகளுள் ஒன்று, தர்மாங்கதன் என்னும் சோழ மன்னனுக்கு நெடுந்தவத்தின்பின் பிறந்த மகளே அவள் என்கிறது. இது வரலாறு அன்று, கதையே. ஆயினும், இந்நாட்டு மக்கள் தம் அன்புக்குரிய தெய்வத்துக்குச் சோழர் குடியில் ஒரு தந்தையைத் தேடிக் கொண்டனர் என்று காணும்போது, இங்கு வந்து வாழும் தமிழர் உள்ளம் மகிழாதிருக்குமோ?

மேலை நாட்டையும் ஒருகணம் நோக்குவோம். கிறிஸ்துமஸ் காலத்தில் ஐரோப்பியர் ஆரஞ்சுப் பழத்தை வில்லைகளாக அரிந்து உலர்த்தி, நூலிற் கோத்து மரத்திலும் சாளரத்திலும் தொங்கவிடுவர். ஒளி ஊடுருவும்போது அவ்வில்லைகள் வண்ணக் கண்ணாடி போல் விளங்கும். முழுப் பழத்தில் கிராம்பைச் செறிவாகக் குத்தி மணக்கச் செய்தலும் உண்டு. ஆரஞ்சு என்னும் அச்சொல்லே வடமொழி நாரங்கம், பாரசீக நாரங்கு, அரபு நாரஞ்சு எனப் பல கை மாறி மேற்கே சென்றது என்பர். அதன் வேர் நாரத்தையோடு உறவுடைய திராவிடச் சொல் என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. கிராம்போ மொலுக்கத் தீவுகளின் செல்வம். கீழைக் கடல் கடந்து சென்றது. ஆக, அயலார் அணி என்று நாம் எண்ணும் அதனுள்ளும் கீழ்த்திசையின் மணம் கமழ்கின்றது.

இத்துணைப் பழமையும் பரப்பும் உடைய இந்நெறி இன்று எந்நிலையில் உளது? கொண்டாப்பூர் முன்னர்ப் பாறையும் புதரும் சூழ்ந்த சிற்றூர். 1998 இல் அண்மையிலுள்ள மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டபின், இப்பகுதி வானளாவும் மாளிகைகளின் ஊராயிற்று. அம்மாற்றத்தால் வாழ்வு பெற்றவர்களுள் நாமும் உள்ளோம். ஆதலின் அதனைப் பழித்தல் நன்றியன்று. ஆனால், புதர் அழிந்த இடத்தில் ஆவிரை இல்லை. வாயில்தோறும் ஞெகிழி மாவிலை தொங்குகின்றது. அது வாடுவதில்லை, உண்மையே. வாடாமையே அதன் குற்றம்! மாவிலை காய்ந்தால் மண்ணுக்கு எருவாகும். ஞெகிழி எத்தனை விழா கழியினும் ஏரியின் அடியிற் கிடக்கும். அலங்காரத் தெர்மகோலை 1-7-2022 முதல் நடுவண் அரசு தடை செய்துள்ளது. சட்டம் ஒரு பொருளைத் தடுக்கலாம். ஒரு பழக்கத்தை ஊட்ட வல்லது இல்லமே.

எனவே ஒன்று வேண்டுகின்றோம். வரும் பொங்கலுக்கு நம் சிறுவரைக்கொண்டே தோரணம் செய்விப்போம். குளிர்காலத்தில் இந்நகருக்கு நாகபுரி ஆரஞ்சு குறைவின்றி வருகின்றது. காற்றும் அப்போது வறண்டிருக்கும். பழத்தைக் கால் அங்குலத்துக்கு மிகாமல் குறுக்கே அரிக, விதையை நீக்குக, தூய துணியால் ஈரம் ஒற்றுக. வலைத் தட்டில் பரப்பி, மெல்லிய துணியால் மூடி, நாள்தோறும் புரட்டி, பிசுபிசுப்பு அடங்கும்வரை வெயிலில் உலர்த்துக. இரவில் வெளியே விடற்க. பனியின் ஈரம் பூசணம் தரும். காய்ந்த வில்லைகளின் இடையிடையே பட்டையும் அன்னாசிப்பூவும் நெற்கதிரும் கோத்தால், கண்ணுக்கும் மூக்குக்கும் ஒருங்கே விருந்தாகும். விழா முடிந்தபின் அதனை எருக்குழியில் இடலாம். தெலுங்கு நண்பர் வீட்டுக்கு ஒரு சரம் கொடுத்து அனுப்புக. அவர்தம் பாலவெல்லியைக் காணப் பிள்ளைகளை அழைத்துச் செல்க.

இந்திர விழாவைக் கொண்டாட மறந்தமையால் புகார் கடல்கோளுக்கு இரையாயிற்று என்று மணிமேகலை கூறுகின்றது. கடல் இல்லாத இவ்வூரில் நம்மை அலை வந்து கொள்ளப்போவதில்லை. ஆனால், மறதியும் ஒரு கடலே. பிறந்த மண்ணை விட்டு நெடுந்தொலைவு வந்தவர் வீட்டில் அது ஓசையின்றி ஏறும். அதற்கு அணை கட்டப் பெருங்கற்கள் வேண்டா. வாயிலில் ஒரு பச்சை மாவிலையும், அதன் அருகே ஒரு காய்ந்த பழச் சரமும், அதனைக் கோத்த பிள்ளையின் கையும் போதும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!