இன்ஜினுக்கு மூச்சு தந்த பெட்டி

1987 மார்ச்சில் இத்தாலியின் மோன்சா தடத்தில் உலக டூரிங் கார் சாம்பியன்ஷிப்பின் முதல் பந்தயம் நடந்தது. முன்னணியில் முடித்த பிஎம்டபிள்யூ எம்3 கார்கள் தகுதிநீக்கம் செய்யப்பட்டன. உடற்தகடுகள் விதிக்கு மாறாக இலேசாக இருந்தன என்பது குற்றச்சாட்டு. ஏழாவதாக வந்த ஆலன் மோஃபட், ஜான் ஹார்வி இணைக்கு வெற்றி போய்ச் சேர்ந்தது. அந்தத் தொடர் பின்பற்றிய குரூப் ஏ விதிகள் அவ்வளவு கறாரானவை. ஆனால் அதே விதிநூல் சின்னச் சந்து ஒன்றைத் திறந்து வைத்திருந்தது: காற்று வடிகட்டியையும் அதன் பெட்டியையும் அணிகள் தம் விருப்பப்படி செய்துகொள்ளலாம்.

அந்தச் சந்து வழியாகத்தான் கார்பன் ஃபைபர் பானெட்டுக்குள் நுழைந்தது. 1981-இல் மெக்லாரன் தன் ஃபார்முலா ஒன் காரின் உடற்கூட்டையே அதில் செய்து காட்டிய பிறகு, பந்தயப் பட்டறைகளுக்கு அந்தப் பொருள் மெல்ல மெல்லப் பழகிவிட்டது. ஜெர்மனியின் டிடிஎம் தொடரில் ஓடிய பிற்கால எம்3-இல் நான்கு த்ராட்டில்களுக்கும் காற்றூட்ட ஒரு பெரிய கார்பன் ஏர்பாக்ஸ், அதாவது காற்றுப் பெட்டி, இருந்தது.

எடையைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு என்று நினைப்பவர்கள் உண்டு. பெட்டியில் மிச்சமாகும் எடை கொஞ்சம்தான். பெரிய ஆதாயம் வெப்பத்திலும் வடிவத்திலும் இருந்தது. உறிஞ்சும் காற்று 10 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். காற்று குறைந்தால் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறையும். அலுமினியம் இன்ஜின் சூட்டைச் சட்டென்று உள்ளே கடத்திவிடும். கார்பன் இழையும் பிசினும் சேர்ந்த சுவர் அப்படிக் கடத்தாது. இழைத்துணியை அச்சில் படியவைத்து ஆட்டோகிளேவ் என்னும் அழுத்த அடுப்பில் இறுக வைப்பதால், ரேடியேட்டருக்கும் முகப்பு விளக்குக்கும் நடுவே கிடைக்கும் கோணல்மாணலான இடத்தைக்கூட வீணாக்காமல் நிரப்பலாம்.

1990-களின் சூப்பர் டூரிங் காலம் இந்தக் கலையின் உச்சம். 2 லிட்டர் இன்ஜின், டர்போ கிடையாது, நிமிடத்துக்கு 8,500 சுற்றுக்கு மேல் போகக்கூடாது. கணக்குப் போட்டால் உச்சவேகத்தில் அது நொடிக்கு ஏறத்தாழ 140 லிட்டர் காற்றை விழுங்கும். சுற்றைக் கூட்ட முடியாதபோது, ஒவ்வொரு சுற்றிலும் உள்ளே போகும் காற்றை அதிகமாக்குவதுதான் பொறியாளர்களுக்கு எஞ்சிய வழி. சில அணிகள் சிலிண்டர் ஹெட்டையே திருப்பிப் போட்டு, காற்று நுழையும் பக்கத்தை கிரில்லை நோக்கி வைத்தன. சுமார் 300 குதிரைத்திறன் கிடைத்தது. பணமும் தண்ணீராய்ச் செலவானது. பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டோடு அந்தக் காலம் முடிந்தது.

அதே ஆண்டு புதுப்பிறவி எடுத்த டிடிஎம், 4 லிட்டர் வி8 இன்ஜினின் வாயைக் கட்டியது. தலா 28 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டே துளைகள் வழியாகத்தான் அது காற்றிழுக்க வேண்டும். இனி கூடுதல் காற்று என்பதற்கே இடமில்லை. துளையின் கழுத்தில் ஒலிவேகத்தை நெருங்கிவிடும் காற்றை, அதன்பின் சீராக விரியும் பாதையில் வேகம் தணித்து, இழந்த அழுத்தத்தை மீட்பதே ஏர்பாக்ஸின் புதிய வேலை. பெட்டியில் மயிரிழைக் கசிவும் ஆகாது. இத்தகைய கட்டுப்பாடு உள்ள பந்தயங்களில் ஆய்வாளர்கள் நுழைவாயை அடைத்துப் பார்ப்பார்கள். இன்ஜின் அணைந்தாக வேண்டும்.

இதற்கிடையே 2003-இல் பிஎம்டபிள்யூ இந்தப் பந்தய வித்தையைத் தெருவுக்கே கொண்டுவந்தது. எம்3 சிஎஸ்எல் காரின் கார்பன் ஏர்பாக்ஸுக்குக் காற்றூட்ட முன்பம்பரில் ஒரு வட்டத் துளை. புதிய கேம்ஷாஃப்டுகளும் சேர, சாதாரண எம்3-இன் 343 குதிரைத்திறன் 360 ஆனது. அந்தப் பெட்டி எழுப்பிய ஆழ்ந்த உறுமலுக்காகவே இன்றும் அதன் நகல்களை வாங்கிப் பொருத்துகிறார்கள்.

2019-இல் டிடிஎம் 2 லிட்டர் டர்போவுக்கு மாறியது. 600 குதிரைத்திறனைத் தாண்டிய அந்த இன்ஜின்களில் காற்றுத் துளைக் கட்டுப்பாடு இல்லை. மணிக்கு இத்தனை கிலோ எரிபொருள் என்ற உச்சவரம்பு அந்த இடத்துக்கு வந்தது.