தூதர் அனுப்பும் உரிமை: துனீசியா தரும் படிப்பினை

எல்லாப் புகழும் இறைவனுக்கே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அண்டை நாட்டு மன்னர்களுக்குக் கடிதம் அனுப்ப நாடியபோது, வெள்ளி மோதிரத்தில் முத்திரை பொறித்துக் கொண்டார்கள். ரோமப் பேரரசர் ஹிர்கலுக்குரிய கடிதத்தை திஹ்யா அல்கல்பீ (ரலி) அவர்கள் சுமந்து சென்றார்கள். தன் பெயரால் தூது அனுப்புவதும், பிறர் தூதைத் தானே ஏற்பதும் ஒரு சமுதாயம் சொந்தக் காலில் நிற்பதன் அடையாளமாகும். அவ்வுரிமையை இழந்து, எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் மீட்டெடுத்த துனீசியாவின் வரலாற்றை இங்கு நோக்குவோம்.

துனிஸ் நகரில், இன்று ஹபீப் பூர்கீபா பெயரால் வழங்கும் பெருஞ்சாலையில் பிரான்ஸின் தூதரகம் அமைந்துள்ளது. அங்கிருந்து மேற்கே சென்று, 'பாபுல் பஹ்ர்' என்னும் வாயிலைக் கடந்து பழைய நகருக்குள் நடந்தால், புகழ்பெற்ற ஸைத்தூனா பள்ளிவாசலை அடையலாம். 1860களின் தொடக்கத்தில் அக்கட்டடம் கான்சல் என்னும் பிரான்ஸின் பிரதிநிதிக்காக எழுப்பப்பட்டது. அன்று அவர் அரசவைக்கு வந்து போகும் அயல்நாட்டு அதிகாரிகளுள் ஒருவர் மட்டுமே. இருபது ஆண்டுகளில் அந்நிலை தலைகீழாக மாறியது. காரணம் யாது?

முதற்காரணம் கடன். உஸ்மானியப் பேரரசின் பெயரளவிலான மேலாண்மையின் கீழ், 'பே' என்னும் பட்டம் பூண்ட மன்னர்கள் துனீசியாவை ஆண்டு வந்தனர். முஹம்மத் ஸாதிக் பே காலத்தில், 1863இல் பாரிஸில் பெருங்கடன் பெறப்பட்டது. அமைச்சர்களின் ஊழலும் ஆடம்பரமும் கருவூலத்தைக் கரைத்தன. தலைவரி இரட்டிப்பாக்கப்படவே, 1864இல் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 1869இல் பிரான்ஸ், பிரிட்டன், இத்தாலி ஆகிய நாடுகளின் கடன்காரர்களுக்காக ஒரு நிதி ஆணையம் அமைக்கப்பட்டு, நாட்டின் வருவாய் அதன் கண்காணிப்பில் வந்தது. 1873இல் முதலமைச்சரான கைருத்தீன் பாஷா வக்ஃபு நிர்வாகத்தைச் சீர்செய்தார்; 1875இல் ஸாதிகிய்யா கல்லூரியை நிறுவினார். ஆயினும் 1877இல் அவர் பதவியிழந்தார்.

1881இல் அல்ஜீரியாவிலிருந்து பிரெஞ்சுப் படைகள் எல்லை கடந்தன. மே 12ஆம் நாள், படை சூழ்ந்திருந்த நிலையில், மன்னர் பார்தோ உடன்படிக்கையில் ஒப்பமிட்டார். அதன்படி, பிரான்ஸுக்கு அறிவித்து அதன் இசைவைப் பெறாமல் அயல்நாடுகளுடன் எவ்வித உடன்பாடும் செய்ய அவருக்கு உரிமையில்லை. பிறநாடுகளில் துனீசியர்களின் நலனைப் பிரான்ஸின் தூதர்களே கவனிப்பர். 1883ஆம் ஆண்டு மர்ஸா ஒப்பந்தம் 'பாதுகாப்பு நாடு' என்ற பெயரையும் சூட்டியது. மன்னரின் கொடி பறந்தது, பட்டமும் நிலைத்தது. ஆனால் 'ரெஸிடென்ட் ஜெனரல்' எனப்பட்ட பிரான்ஸின் பிரதிநிதியே அம்மன்னருக்கு வெளியுறவு அமைச்சராகவும் விளங்கினார்! வந்த தூதரே, வரவேற்கும் வீட்டுக்காரரும் ஆனார். மக்களின் அன்பைப் பெற்ற முன்ஸிஃப் பே 1943இல் பிரெஞ்சு அதிகாரிகளால் அரியணையிலிருந்து நீக்கப்பட்டு, 1948இல் பிரான்ஸில் காலமானார். 'பாதுகாப்பு' என்ற சொல்லின் உட்பொருளை இந்நிகழ்ச்சி விளக்கும்.

நெடிய போராட்டத்தின் பயனாக 1955இல் உள்நாட்டுத் தன்னாட்சியும், 1956 மார்ச் 20இல் முழு விடுதலையும் கிட்டின. அதுவரை உயர் ஆணையராக இருந்த ரோஜர் செய்தூவே விடுதலை பெற்ற துனீசியாவுக்குப் பிரான்ஸின் முதல் தூதரானார். மாளிகை அதுவே, மனிதரும் அவரே, அதிகாரம் மட்டும் அகன்றது.

அம்மாற்றம் வெறும் பெயர்மாற்றமன்று. 1958 பிப்ரவரி 8இல் பிரெஞ்சு விமானங்கள் ஸாகியத் ஸீதி யூஸுஃப் என்னும் எல்லைக் கிராமத்தில் குண்டு வீசிச் சுமார் எழுபது உயிர்களைப் பறித்தபோது, துனீசியா பாரிஸிலிருந்து தன் தூதரைத் திரும்ப அழைத்தது. ஐக்கிய நாடுகள் சபையிலும் முறையிட்டது. 1961இல் பிஸர்த்தா துறைமுகத்தில் போர் மூண்டபோது உறவையே முறித்தது. 1963 அக்டோபரில் பிரெஞ்சுப் படை அத்துறைமுகத்தை விட்டும் வெளியேறியது. தனக்கெனத் தூதர் இல்லாத நாடு எவரைத் திரும்ப அழைக்கும்? எவரிடம் முறையிடும்?

அன்பிற்குரிய ஜமாஅத்தார்களே! துனீசியாவின் வாயிலைப் படைகள் தட்டுவதற்கு முன்பே கடன் அதனைத் திறந்துவிட்டது. திருமறையின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியதே என்பதை நாம் சிந்திக்க வேண்டும். இம்மலரில் இடம்பெறும் வரவு செலவுக் கணக்கு வெறும் சம்பிரதாயமன்று, அமானிதத்தின் சாட்சி. கணக்கைக் கேட்பது உறுப்பினரின் உரிமை; காட்டுவது நிர்வாகியின் கடமை. இவ்விரண்டும் நிலைக்கும் வரை நம் பொறுப்புகள் பிறர் கைக்குப் போகா. அத்தகைய நேர்மையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.